சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி: பெயரும் ஹார்மோனும்

கள்ளக்குறிச்சி உட்படத் தமிழகமெங்கும் பேச்சுவழக்கில் "கர்ப்பப்பையில் நீர்க்கட்டி" எனப்படும் பி.சி.ஓ.எஸ்., கர்ப்பப்பையில் உண்டாவதன்று. ஸ்கேன் படத்தில் தெரிபவை சினைப்பையில் உள்ளவை. அவையும் கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுபோன சிறு முட்டைப்பைகள். இந்தக் குழப்பம் தமிழால் வந்ததன்று, மருத்துவத்திலேயே தொடங்கியது.

1935-இல் சிகாகோ மருத்துவர்கள் ஸ்டெய்ன், லெவென்தால் ஆகியோர் ஏழு பெண்களைப் பற்றி எழுதினர். மாதவிடாய் தவறுதல், வீங்கிய சினைப்பை, சிலருக்கு முகத்தில் முடி ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. சினைப்பையின் ஒரு பகுதியை ஆப்பு வடிவில் வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிடாய் திரும்பியது; இருவர் கருவுற்றனர். ஆகவே குறை சினைப்பையில்தான் என்ற எண்ணம் வேரூன்றியது. பல ஆண்டுகள் கத்தியே முதன்மைச் சிகிச்சையாக இருந்தது. வெட்டிய இடத்தில் திசுக்கள் ஒட்டிக்கொண்டு, அதுவே கருத்தரிப்புக்குத் தடையானதும் உண்டு.

1958-இல் இந்நோயுள்ள பெண்களின் சிறுநீரில் எல்.எச். ஹார்மோன் மிகுந்திருப்பது கண்டறியப்பட்டது. மூளையின் ஹைபோதலாமசிலிருந்து வரும் தூண்டல் விரைவாகத் துடிக்கும்போது, பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனைக் கூடுதலாகவும், எப்.எஸ்.எச். ஹார்மோனை அதற்கு ஈடாக இல்லாமலும் சுரக்கிறது. எல்.எச். சினைப்பையின் தீக்கா செல்களைத் தூண்டி ஆண்ட்ரோஜனைப் பெருக்குகிறது. எப்.எஸ்.எச். போதாததால் முட்டைப்பை பாதியில் நின்றுவிடுகிறது. 1980-இல் மற்றொரு கண்ணி தெரிந்தது: இன்சுலின். உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது அதன் அளவு இரத்தத்தில் ஏறுகிறது. அது தீக்கா செல்களை மேலும் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாக ஆக்கும்படியும் செய்கிறது. முகமுடி, பரு, கழுத்தில் கருமை, பின்னாளில் சர்க்கரை நோய் எல்லாம் இந்த வழியில் வருபவை. ஒல்லியான பெண்களுக்கும் இந்நோய் வரும்.

2003-இல் ரோட்டர்டாமில் மூன்று அடையாளங்கள் வகுக்கப்பட்டன: முட்டை வெளிவருவதில் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் பல முட்டைப்பைகள். தைராய்டு போன்ற பிற காரணங்களை விலக்கிய பின், இவற்றில் இரண்டு இருந்தால் போதும். முதலிரண்டும் இருப்பவருக்கு நோயை உறுதிசெய்ய ஸ்கேன் தேவையில்லை. மலையாளிப் பழங்குடியினர் மிகுதியாக வாழும் கல்வராயன்மலைக்கு இது சிறிய செய்தியன்று. 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்படும் வரை, பெரிய மருத்துவமனை என்றால் சேலம் அல்லது முண்டியம்பாக்கம் செல்ல வேண்டும். வெள்ளிமலைப் பக்கத்துப் பெண்ணிடம் மாதவிடாய்த் தேதிகளைக் கேட்டு, முகத்தையும் கழுத்தையும் பார்த்து, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சோதித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். குழந்தை இல்லை என்ற பிறகே மருத்துவரிடம் போகும் வழக்கம்தான் பெருந்தடை. மாதக்கணக்கில் மாதவிடாய் வராதிருந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. திருமணமாகாத பெண்ணுக்கும் அது பொருந்தும்.

2012-இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, பழைய பெயர் குழப்பம் தருகிறது என்று கூறி, அதை மாற்றப் பரிந்துரைத்தது.