தாயருகே கற்ற வழிபாடு

குழந்தைக்கு வழிபாடு கற்பித்த முறை குறித்து நம் இலக்கியத்தில் கிடைக்கும் பழஞ்சான்றுகளுள் ஒன்று பரிபாடலில் உள்ளது. ஆசிரியன் நல்லந்துவனார் பாடிய பதினோராம் பாடல், வையைக் கரையில் நோன்பு நோற்று நீராடும் இளம் கன்னியரைக் காட்டுகிறது. மார்கழித் திருவாதிரையை ஒட்டிய பனிக்காலம். சிறுமியர் தத்தம் தாயரின் அருகே நிற்கின்றனர். சடங்கு முறைமைகளை நன்கறிந்த முதுபெண்டிர் அவற்றைச் செய்து காட்டுகின்றனர். நிலம் வறண்டு தகியாதிருக்க வேண்டும் என்பதே அங்கு எழும் வேண்டுதல். இந்நோன்பிற்கு ‘அம்பா ஆடல்’ என்பது பெயர். அம்பா என்றால் தாய். கற்பிப்பவளும் தாய், அருகிருப்பவளும் தாய். நோன்பும் அவள் பெயரையே தாங்கி நிற்கிறது.

திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் திருவெம்பாவையின் இருபது பாடல்களும் இவ்வழக்கின் தொடர்ச்சியே என்று அறிஞர் பலர் கருதுவர். இரண்டிலும் நோன்பு தனித்ததோர் அறையில் நடைபெறவில்லை. விடியலில் எழுதல், தோழியை எழுப்புதல், நீராடுதல் ஆகிய அன்றாடச் செயல்களே வழிபாடாகின்றன. நம் பாட்டியர் கண்ட வழியும் அதுவே. குளித்தெழுந்ததும் நீறோ திருமண்ணோ இடும்போது ஒரு பாட்டு. விளக்கேற்றும்போது ஒரு பாட்டு. உண்ணுமுன் ஒரு சொல். இதற்கெனத் தனியே ஒரு பாடவேளை இருந்ததில்லை. ஆதலாற்றான் பிள்ளைகளுக்கு அது சுமையாகத் தோன்றவில்லை போலும்!

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பேரையும், உடன் கொட்டுவோர் இருவரையும் அமர்த்தி நாள்தோறும் நெல் அளந்ததைக் கல்வெட்டில் காண்கிறோம். ஆனால் பேரனை மடியில் இருத்திப் பாட்டி கற்பித்ததற்குக் கல்வெட்டு ஏது? கோப்புகளுக்கிடையே வாழும் என்போன்றோர்க்கு, ஆணையும் மானியமும் இன்றி இத்தனை நூற்றாண்டு நடந்த ஒரு பணி வியப்பையே தருகிறது.

திருமுறைகளைத் தொகுத்த நம்பியாண்டார் நம்பியின் இளமை பற்றித் திருமுறைகண்ட புராணம் கூறும் செய்தியும் இங்கு நினைக்கத்தக்கது. ஊருக்குச் செல்லும் தந்தை, திருநாரையூர்ப் பொல்லாப் பிள்ளையாருக்குப் பூசை செய்யும் பொறுப்பைச் சிறுவனிடம் விட்டுச் செல்கிறார். படைத்த அமுதைப் பிள்ளையார் மெய்யாகவே உண்பார் என்று சிறுவன் காத்திருக்கிறான். உண்ணாமை கண்டு அழுது தலையை மோதிக்கொள்கிறான். வரலாற்றாசிரியர் இதனை ஏற்பினும் தள்ளினும், தந்தை பூசையை முழுப் பொறுப்பாகவே மகனிடம் விட்டார் என்பதில் ஓர் உண்மை உண்டு.

இனி, நம் ஊர்களுக்கு வருவோம். 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம் 1953-இல் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. ஆழ்வார்கள் பாடிய திருவேங்கடமும், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய காளத்தியும் இம்மண்ணிலேயே உள்ளன. மார்கழியில் திருமலையில் சுப்ரபாதத்திற்கு மாறாகத் திருப்பாவையே ஒலிக்கிறது. ஆயினும் திருப்பதித் தெருவிலும், மும்மாநிலம் கூடும் குப்பத்தை அடுத்த சாந்திபுரத்திலும் வாழும் நம் பிள்ளைகளுள் பலர் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோதான் பயில்கின்றனர். அவர்களுக்கு நாள்தோறும் கிடைக்கும் தமிழ்ப் பாடம் பெரும்பாலும் அந்த இறைவணக்கம் ஒன்றே.

தாய்லாந்துத் தலைநகர் பாங்காக்கில் ‘திரியம்பாவை திரிபாவை’ என்றொரு விழா உண்டு. அதன் பேரூஞ்சல் 1935-இல் நின்றுபோயிற்று, ஓதுதல் நிற்கவில்லை. அரண்மனை அந்தணர் கிரந்தத்தை ஒத்த எழுத்தில் ஏட்டிலுள்ள தமிழ்ப் பாடல்களை ஓதுகின்றனர். பொருள் மட்டும் அவர்களிடமிருந்து என்றோ அகன்றுவிட்டது. ஒலி கடல் கடந்தும் பிழைத்ததே என்று மகிழ்வதா, பொருள் கரையிலேயே தங்கிவிட்டதே என்று வருந்துவதா? குழந்தைக்கு முதலில் ஒலியே போதும் என்பது என் கருத்து. எட்டு, ஒன்பது வயதில் அவன் “இதற்கு என்ன பொருள்?” என்று கேட்கும் நாளில் வீட்டில் விடை சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும்.

இங்குள்ள சில இல்லங்களில் பிள்ளைகளின் குறிப்பேடுகளைக் கண்டிருக்கிறேன். ஒரு பக்கத்தில் பாசுரம் தெலுங்கு எழுத்தில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் அதே பாசுரம் தாயின் கையெழுத்தில், தமிழில். சிலவற்றில் சில மாதங்கள் சென்றபின் தமிழ்ப் பக்கத்திலும் பிள்ளையின் கோணல் எழுத்தே காணப்படுகிறது.