தோற்றவருக்குத் தங்கக் கோப்பை

அட்லாண்டிக் பங்காளிகள் – 9

1814-ல் வாஷிங்டனுக்குள் புகுந்த பிரிட்டிஷ் படை வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அடுத்த ஆண்டோடு துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. யார் பெரியவர் என்ற பங்காளி வழக்கு மட்டும் ஓயவில்லை. கொஞ்ச காலம் கழித்து அது லண்டனில், ஒரு கண்காட்சி அரங்கில் மறுபடி தலைதூக்கியது.

1851-ல் ஹைட் பார்க்கில் பிரிட்டன் நடத்திய மாபெரும் கண்காட்சி உண்மையில் ஒரு தற்பெருமை விழா. உலகத்தின் பட்டறை நாங்கள்தான் என்று உலகத்தையே கூப்பிட்டுக் காட்டினார்கள். அமெரிக்கா பெரிய இடமாகக் கேட்டு வாங்கிவிட்டு, அதை நிரப்பச் சரக்கு இல்லாமல் விழித்தது. லண்டன் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் வந்து சேரும்வரை அந்தக் கொண்டாட்டம் நீடித்தது.

பிக்காடிலியில் பிராமா நிறுவனத்தின் கடை ஜன்னலில் ஒரு பூட்டு பல பத்தாண்டுகளாகக் கிடந்தது. சாவி இல்லாமல் திறப்பவருக்கு 200 கினி பரிசு. யாராலும் முடியவில்லை. ஹாப்ஸ் முதலில் சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டை அரை மணி நேரத்துக்குள் திறந்து காட்டினார். பிறகு பிராமா பூட்டோடு உட்கார்ந்தார். 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்துவிட்டார். இங்கிலாந்தின் பெட்டகங்கள் எல்லாம் எந்தப் பூட்டை நம்பி இருக்கின்றன என்ற கேள்வி எழுந்தது. 200 கினியையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அதே ஆகஸ்டில்தான் இன்னும் பெரிய அடி. நியூயார்க் யாட் கிளப்பின் தலைவர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸும் நண்பர்களும் ஒரு பாய்மரப் படகைக் கட்டி, அதற்கு நாட்டின் பெயரையே வைத்து, அட்லாண்டிக் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ஸ்டீவன்ஸுக்குப் பந்தயப் பணத்தின்மேலும் ஒரு கண். ஆனால், வந்த சூட்டிலேயே ஒரு ஆங்கிலப் படகைச் சும்மா முந்திக் காட்டிவிட்டார். அதன்பிறகு 10,000 கினி வரை கட்டத் தயார் என்று கூவியும் ஆள் சிக்கவில்லை. வித்தையை முதலிலேயே காட்டியிருக்கக் கூடாது.

கடைசியில் ஆகஸ்ட் 22-ந் தேதி, வைட் தீவைச் சுற்றும் போட்டியில் அந்த ஒற்றைப் படகு உள்ளூர்ப் படகுகளின் கூட்டத்தோடு மோதி முதலாவதாக வந்தது. இயந்திரத்தில் நெய்த பருத்திப் பாய் காற்றில் விறைப்பாக நின்றது. ஆங்கிலேயரின் சணல்நார்ப் பாய்களோ தொப்பை போட்டன. கலங்கரைக் கப்பலுக்கு உட்புறமாகச் சென்றது என்று ஒரு புகார் எழுந்தது; தள்ளுபடி ஆனது. மறுநாள் விக்டோரியா மகாராணியே படகைப் பார்க்க வந்தார். ஸ்டீவன்ஸ் வெள்ளிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். படகை அங்கேயே விற்றுவிட்டு ஊர் திரும்பினார்.

1857-ல் அந்தக் கோப்பையை நியூயார்க் யாட் கிளப்பிடம் ஒப்படைத்தபோது எழுதிய பத்திரத்தில், இது நாடுகளுக்கிடையே நட்புறவுப் போட்டிக்கானது என்று கண்டிருந்தது. அடுத்த நாற்பதாண்டுகள் அந்தப் பத்திரத்தை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

1870-ல் ஆங்கிலேயர் ஜேம்ஸ் ஆஷ்பரி தன் 'கேம்ப்ரியா' படகோடு கோப்பையை மீட்கப் போனார். ஒற்றைக்கு ஒற்றை மோதாமல், கிளப் தன் படகுப் பட்டாளத்தையே எதிரே நிறுத்தியது. 1851-ல் வென்ற கிழட்டு 'அமெரிக்கா'வும் அதில் இருந்தது. அதுவே நான்காவதாக வந்தது. கேம்ப்ரியா அதற்கும் பின்னால். அடுத்த ஆண்டு ஆஷ்பரி மறுபடி வந்து, தோற்று, ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்திவிட்டுக் கிளம்பினார். அவர் முன்பு அன்பளிப்பாகத் தந்த கோப்பைகளைக் கிளப் திருப்பி அனுப்பியது.

1895-ல் அதே கோப்பைக்குப் போட்டியிட்ட டன்ரேவன் பிரபு இன்னும் ஒரு படி மேலே போனார். எதிராளிகள் இரவோடு இரவாகப் படகில் கள்ளத்தனமாகப் பாரம் ஏற்றினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. வங்கியாளர் ஜே. பி. மார்கன் இடம்பெற்ற குழு விசாரித்து, ஆதாரம் இல்லை என்றது. பிரபுவின் கௌரவ உறுப்பினர் பதவி பறிபோனது. அதே ஆண்டு டிசம்பரில் வெனிசுலா எல்லைத் தகராறில் அமெரிக்க அதிபர் கிளீவ்லாண்ட் பிரிட்டனை மிரட்டிக்கொண்டிருந்தார். நேரம் மோசமான நேரம்.

இந்தப் புகைச்சலுக்கு நடுவில்தான் வந்தார் ஒரு மளிகைக்காரர்.

தாமஸ் லிப்டன் 1848-ல் கிளாஸ்கோவின் ஏழைக் குடியிருப்பில் பிறந்தவர். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பையன் பதின்வயதில் அமெரிக்காவுக்கு ஓடி, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தெற்கு கரோலினாவில் நெல் பண்ணையிலும், கடைசியாக நியூயார்க்கில் ஒரு பெரிய கடையிலும் வேலை பார்த்தான். சரக்கைவிட விளம்பரம் முக்கியம் என்ற பாடத்தை அங்கேதான் கற்றிருக்க வேண்டும். 1871-ல் கிளாஸ்கோவில் கடை திறந்தார். ராட்சத பாலாடைக் கட்டிக்குள் தங்க நாணயங்களைப் பொதித்து விற்பது போன்ற தடாலடிகளால் அது நூற்றுக்கணக்கான கடைகளாகப் பெருகியது.

1898-ல் அவர் கோப்பைக்குச் சவால் விட்டார். பிரிட்டனின் மேட்டுக்குடி படகுச் சங்கமான ராயல் யாட் ஸ்குவாட்ரன் கடைக்காரரைச் சேர்க்காது என்பதால், ராயல் அல்ஸ்டர் யாட் கிளப்பின் பெயரில் வந்தார். பச்சை வண்ணப் படகுக்கு 'ஷாம்ராக்' என்று பெயர். அயர்லாந்தின் சின்னமான மூவிலைச் செடி அது. நியூயார்க்கின் ஐரிஷ் மக்களுக்கு வேறென்ன வேண்டும்?

1899-ல் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார். அந்தப் போட்டியைக் கடலிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் பத்திரிகைக்கு உடனுக்குடன் அனுப்பியவர் சாட்சாத் மார்க்கோனி. 1901-லும் அதே கதை. 1903-லும் அதே கதை, கடைசிப் போட்டியில் மூன்றாம் ஷாம்ராக் மூடுபனியில் வழி தவறியது. விதியும் அவருக்கு எதிராகவே இருந்தது. சவால் விடும் படகு தானே அட்லாண்டிக்கைக் கடந்து வர வேண்டும். ஆகவே அதைக் கனமாகக் கட்டியாக வேண்டும். வீட்டில் இருப்பவர் இலேசாகக் கட்டலாம். இதைச் சொல்லி லிப்டன் அழவில்லை. ஒவ்வொரு முறையும் சிரித்து, வென்றவரைப் பாராட்டி, அமெரிக்கர்களைத் தன் 'எரின்' கப்பலுக்கு விருந்துக்கு அழைத்தார்.

நான்காவது ஷாம்ராக் 1914 ஆகஸ்டில் நடுக்கடலில் இருந்தபோது உலகப் போர் மூண்டது. போட்டி 1920-க்குத் தள்ளிப்போனது. அந்த ஆண்டுதான் அவர் கோப்பையைத் தொட்டுவிடும் தூரத்தில் இருந்தார். முதல் போட்டியில் எதிராளி 'ரெசல்யூட்'டின் பாய்க்கயிறு அறுந்தது. இரண்டாவதில் ஷாம்ராக் நேராகவே வென்றது. இன்னும் ஒன்று போதும். மூன்றாவதில் இரண்டு படகுகளும் ஓட எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நொடி பிசகாமல் ஒன்று. ஆனால், பெரிய படகு சிறியதற்குச் சுமார் ஏழு நிமிடம் விட்டுத்தர வேண்டும் என்று கணக்கு. ரெசல்யூட்டுக்கே வெற்றி. அடுத்த இரண்டும் போயின.

1930-ல், 82 வயதில், ஐந்தாவது ஷாம்ராக்கோடு கடைசியாக வந்தார். ஹெரால்ட் வாண்டர்பில்ட்டின் 'என்டர்பிரைஸ்' அலுமினியக் கலவையால் ஆன பாய்மரமும் பலவகை இயந்திரங்களுமாக நான்கு போட்டிகளையும் வாரிக்கொண்டது. தம்மால் இனி வெல்ல முடியாது என்று கிழவர் ஒப்புக்கொண்டார்.

அப்போது வில் ரோஜர்ஸ், அமெரிக்காவே காது கொடுத்துக் கேட்ட நகைச்சுவை நடிகர், பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆளுக்கு ஒரு டாலர் போட்டு, லிப்டன் தவறவிட்ட கோப்பையைவிடப் பெரிதாக ஒன்று செய்து கொடுப்போம்; உலகிலேயே மோசமான படகு கட்டுபவராக இருந்தாலும் மிக உற்சாகமாகத் தோற்பவர் இவர்தான் என்று அதில் பொறிப்போம் என்பது யோசனை. பங்குச் சந்தை சரிந்து ஓராண்டு ஆகியிருந்த நேரம். ஆனாலும் டாலர்கள் குவிந்தன. டிஃபனி நிறுவனம் 18 காரட் தங்கத்தில் கோப்பை செய்தது. டிசம்பரில் நியூயார்க் மேயர் ஜிம்மி வாக்கர் அதை வழங்கியபோது, வாயாடி லிப்டனால் பதிலுரையை முடிக்க முடியவில்லை.

ஐந்து முறை தோற்றவர் நஷ்டப்பட்டாரா? என் கணக்கில் இல்லை. ஹோபோகனில் தொழிற்சாலை வைத்துத் தேயிலை விற்றவருக்கு, அமெரிக்கப் பத்திரிகைகளின் முதல் பக்கம் முப்பதாண்டுகள் கிடைத்தது. அவருடைய நட்பு பொய் என்று நான் சொல்லவில்லை. அது நன்றாக விற்றது என்கிறேன்.

அந்தத் தேயிலையில் நம் ஆட்களுக்கும் பங்கு உண்டு. காப்பியை நோய் அழித்ததால் இலங்கைத் தோட்டங்கள் மலிந்து கிடந்த 1890-ல், லிப்டன் ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்ன உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்க் கெண்டிக்கு என்பதுதான் அவரது விளம்பரம். நடுவில் இருந்தவர்கள் திருச்சி, மதுரை, ராமநாதபுரம், சேலம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள். இலங்கைத் தோட்டங்களில் அன்று 'துண்டு' முறை இருந்தது. கடனை அடைத்ததற்கான துண்டுச்சீட்டு இல்லாமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. நான்காவது ஷாம்ராக் தோற்றதற்கு அடுத்த ஆண்டு, 1921-ல்தான் அது ஒழிந்தது. லிப்டனின் சிரிப்பைக் கொண்டாடும் நூல்கள் ஷாம்ராக்கின் பாய் அளவைக்கூட விட்டுவிடுவதில்லை. தொழிலாளர்கள் வாழ்ந்த லயத்துக் காம்பிராக்களுக்கு அவற்றில் ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம்.

1931-ல், சாவதற்குச் சில மாதங்கள் முன்பு, ராயல் யாட் ஸ்குவாட்ரன் ஒருவழியாக அவரை உறுப்பினராக்கியது. அமெரிக்கா பொன்னால் பாராட்டிய பிறகு அவர்களால் வேறென்ன செய்ய முடியும்? அக்டோபர் 2-ந் தேதி லிப்டன் காலமானார். சொத்தில் பெரும்பகுதி கிளாஸ்கோ நகரத்துக்குப் போனது.

அமெரிக்கர்களிடமிருந்து கோப்பையை முதலில் பிடுங்கியது ஆஸ்திரேலியா, 1983-ல். 2024-ல் பார்சிலோனாவில் நியூஸிலாந்திடம் ஏழுக்கு இரண்டு என்று தோற்றதையும் சேர்த்து, பிரிட்டன் இன்றுவரை அதை ஒருமுறைகூட வெல்லவில்லை.

படகை விட்டால் பந்து. 1950-ல் பிரேசிலின் பெலோ ஹொரிசாந்தே நகரில், கால்பந்தைக் கண்டுபிடித்த இங்கிலாந்தை அமெரிக்காவின் அரைகுறை அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. கோல் போட்டவர் ஹைத்தியில் பிறந்தவர். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)