மூலக்கொத்தளமும் முன்னோர் மண்ணும்

வடசென்னையில் குடும்பத்தாரைப் புதைத்த இடத்துக்குப் போய் வருவதைச் சடங்குகளில் ஒன்றாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். சொந்த ஊரை விட்டு வந்த மக்கள் இந்த நகரத்தின் மேல் தமக்குள்ள உரிமையை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் செயல் அது என்பது என் வாதம். வியாசர்பாடி ஒரு காலத்தில் இரவீசுவரர் கோயிலைச் சுற்றிய சிற்றூர். பெரம்பூர் ரயில்வே பணிமனையும் பக்கிங்காம் கர்நாடிக் ஆலையும் துறைமுகமும் ஆள் கேட்டபோது செங்கற்பட்டு, வடாற்காட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கம் குடிசை போட்டார்கள். பலருக்குக் குடியிருந்த மனைக்குப் பட்டா கிடையாது. வேலை கொடுத்த ஆலையும் 1996இல் மூடப்பட்டது. குடிசைகள் தீக்கிரையாயின, குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் வந்தன, சிலரை நகருக்கு வெளியே பெயர்த்தார்கள். பாட்டனும் பாட்டியும் இங்கேதான் வாழ்ந்து மாண்டார்கள் என்று காட்ட அத்தகைய குடும்பங்களுக்கு மிஞ்சியது, முல்லை நகர் மயானத்திலோ மூலக்கொத்தளத்திலோ உள்ள ஆறடி மண்தான்.

அந்த ஆறடியும் தானாக நிலைப்பதில்லை. கல்லறை கட்ட வசதியில்லாதவர்களின் மண்மேடு இரண்டு மழையில் தணிந்துவிடும், புல் மூடும், இடநெருக்கடியில் அதன் மேலேயே வேறொரு குழி விழும். மாசி அமாவாசையில், மயானக் கொள்ளையின்போது, குடும்பம் வந்து மண் அணைத்து, மஞ்சள் தெளித்து, சாமந்தி போட்டு, இறந்தவருக்குப் பிடித்த கறிச்சோறும் பீடியும் படைத்துவிட்டுப் போனால்தான் அது இன்னாருடைய இடம் என்று குழி வெட்டுபவருக்கு நினைவிருக்கும். காசிமேட்டுக் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்திலும், கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று, இதே வேலைதான் சுண்ணாம்பும் மெழுகுவர்த்தியுமாக நடக்கிறது. எந்தப் பதிவேட்டையும் விட இந்த வருகையே வலுவான சாட்சி.

செத்தவருக்குச் சோறு படைப்பது மூடநம்பிக்கை ஆயிற்றே என்று பகுத்தறிவாளர் கேட்கலாம். படையலை விட்டுவிடலாம், வருகையை விடமுடியாது என்பதற்கு அவர்களுடைய இயக்கமே சான்று. முதல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு, 1939 சனவரியில் நடராசனும் மார்ச்சில் கும்பகோணத்துத் தாளமுத்துவும் உயிர்நீத்தார்கள். இருவரும் மூலக்கொத்தளத்தில்தான் அடக்கமானார்கள். ஆண்டுதோறும் மொழிப்போர் தியாகிகள் நாளான சனவரி 25 அன்று அங்கே மலர்வளையம் வைக்க வருவோரில் கடவுள் மறுப்பாளர்கள் ஏராளம். எழும்பூரில் தாளமுத்து நடராசன் மாளிகை நிற்கிறது. பெயருக்கு அது போதும். ஆனால் அந்தக் கட்டடத்துக்குப் போய் யாரும் அஞ்சலி செலுத்தி நிறைவடைவதில்லை, உடல் கிடக்கும் மண்ணைத் தேடித்தான் வருகிறார்கள். தலைவர்களுக்குப் பொருந்தும் இந்த நியாயம் பெயர் தெரியாத சுமைதூக்கிக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும்?

இதைவிடக் கடினமான மறுப்பு நிலம் பற்றியது. உயிரோடிருப்பவருக்கே கூரை இல்லாத ஊரில் மாண்டவருக்கு ஏக்கர் கணக்கில் இடம் எதற்கு? மூலக்கொத்தளத்தின் ஒரு பகுதியில் வாரியக் குடியிருப்பு கட்டத் தொடங்கியபோது எழுந்த எதிர்ப்புக்கு இப்படித்தான் பதில் சொன்னார்கள். வீடு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. என் கேள்வியெல்லாம், எந்த நிலம் முதலில் கண்ணில் படுகிறது என்பதுதான். மயானப் புறம்போக்கு என்று வருவாய்த் துறை ஏட்டில் இருப்பதை ஒரு வகைமாற்ற உத்தரவு காலி மனையாக்கிவிடும். கீழ்ப்பாக்கத்தில் பளிங்குக் கல்லறையின் மேல் அடுக்குமாடி எழுப்ப யாரும் துணிவதில்லை. வியாசர்பாடியாரின் மண்மேட்டுக்கு அந்தக் காப்பு கிடையாது. ஒவ்வொரு குழியும் என்றென்றைக்கும் ஒருவருக்கே என்றும் நான் கேட்கவில்லை. காலக்கெடு கழித்து அதே குழியில் அதே குடும்பத்தாரை அடக்கம் செய்யும் வழக்கம் கிறித்தவக் கல்லறைகளில் உண்டு. மாநகராட்சி மயானங்களிலும் அதை முறையாக்கலாம். வரிசை எண்ணும் பெயரும் பொறித்த ஒரு சிறு கல், குடும்பத்துக்கு ஒரு சீட்டு, எல்லைச் சுவர், மாசியிலும் நவம்பரிலும் குடிநீரும் விளக்கும். மாநகராட்சி மனம் வைத்தால் ஒரே ஆண்டில் தொடங்கிவிடக்கூடிய வேலை இது.