தரை தட்டிய கப்பலும் ஒரு வினைச்சொல்லும்

இந்த முறை ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பார்ப்போம்: 'ரீஃப்ளோட்'. தரை தட்டி நின்றுவிட்ட கப்பலை மறுபடி மிதக்க வைப்பது என்று பொருள். நொடித்துப்போன கம்பெனிக்குப் புதிதாக முதல் திரட்டி மீண்டும் நடத்துவதற்கும் இதே சொல்தான். தூத்துக்குடியில் வ.உ.சி. 1906ல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி, அவர் சிறையில் இருந்தபோது 1911ல் மூடப்பட்டது. அதை அப்படி மிதக்க வைக்க யாரும் வரவில்லை.

தமிழில் கப்பல் சிக்கிக்கொள்வதற்கு நல்ல சொல் இருக்கிறது: தரை தட்டுதல். அதற்கு எதிர்ச்சொல் மட்டும் ஒரே சொல்லாக இல்லை. 'மீண்டும் மிதக்க வைத்தார்கள்' என்று நீட்டிச் சொல்கிறோம், அல்லது 'மீட்டார்கள்' என்று முடித்துவிடுகிறோம்.

சரி, ஒரு கப்பலை எப்படி மிதக்க வைக்கிறார்கள்? முதலில் எடையைக் குறைப்பார்கள். அடியில் இருக்கும் மண்ணைத் தோண்டுவார்கள். கடல் நீர் மட்டம் ஏறும் நேரம் பார்த்து இழுவைக் கப்பல்களால் இழுப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும் என்பதால் அந்த நாட்களுக்காகக் காத்திருப்பதும் உண்டு. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயை அடைத்துக்கொண்ட 400 மீட்டர் நீளமுள்ள 'எவர் கிவன்' கப்பலை, சுமார் 30,000 கன மீட்டர் மணலை அள்ளிய பிறகு, பௌர்ணமிக்கு மறுநாளான மார்ச் 29 அன்று மிதக்க வைத்தார்கள். அதில் இருந்த மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். ஒருவருக்கும் ஆபத்தில்லை.

நம் மாநிலத்தில் நடந்த கதை அப்படி முடியவில்லை. 2012 அக்டோபர் 31, நீலம் புயல். சென்னைக்கு அருகே நின்றிருந்த 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் காற்றில் அடித்து வரப்பட்டு, பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை அருகே தரை தட்டியது. அதில் 37 பேர் இருந்தார்கள். பயந்துபோன சிலர் உயிர்காப்புப் படகில் இறங்கினார்கள். அது கவிழ்ந்தது. 6 பேர் இறந்துபோனார்கள். இறங்காமல் கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் கடலோரக் காவல் படை ஹெலிகாப்டரில் தூக்கிக் காப்பாற்றியது. நவம்பர் 11 அன்று, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கப்பலை இழுத்து மிதக்க வைத்தார்கள்.

இங்கேதான் சொல்லைக் கவனிக்க வேண்டும். மாலுமிகளும் 'மீட்கப்பட்டனர்', கப்பலும் 'மீட்கப்பட்டது'. அடகு வைத்த நகையை எடுப்பதற்கும் நாம் மீட்பது என்றுதான் சொல்கிறோம். ஆங்கிலத்தில் ஆளைக் காப்பாற்ற ஒரு சொல், பொருளைக் காப்பாற்ற இன்னொரு சொல், கப்பலை மிதக்க வைக்க மூன்றாவதாக ஒரு சொல். மூன்றையும் நாம் ஒரே சொல்லில் அடக்குவதால் 'மீட்புப் பணி முடிந்தது' என்று படிக்கும்போது எதை மீட்டார்கள், யாரை மீட்கவில்லை என்பது மறைந்துவிடுகிறது. 'கப்பல் தரை தட்டியது' என்பதும் அப்படித்தான். கப்பல் தானாகப் போய்த் தட்டிக்கொண்டது போலத் தோன்றுகிறது. புயல் வரும் என்று தெரிந்தும் அத்தனை பேர் ஏன் அங்கே விடப்பட்டார்கள் என்ற கேள்வி அந்த வாக்கியத்துக்குள் வருவதே இல்லை.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது வெறும் இலக்கணம் இல்லை. 2017 நவம்பர் 30 அன்று வீசிய ஒக்கிப் புயலில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று நம் கடலோர ஊர்களிலிருந்து போனவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அடித்துச் செல்லப்பட்ட படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா வரைக்கும் போய் ஒதுங்கின. அந்த நாட்களில் 'மீட்பு' என்று செய்தி வந்தால் கரையில் இருந்தவர்கள் முதலில் கேட்டது ஒன்றுதான்: படகா, ஆளா?

'ரீஃப்ளோட்' என்ற சொல்லுக்கு இணையான தமிழ்ச்சொல்லை அறிஞர்கள் உருவாக்கட்டும், நல்லதுதான். எந்தச் சொல்லாக இருந்தாலும், கப்பல் மிதந்தது என்று எழுதும்போது கரை சேராதவர்களின் எண்ணிக்கையையும் அடுத்த வரியிலேயே எழுதிவிட வேண்டும்.