திருகோணமலை எண்ணெய்க் குதங்களும் இறக்குதல் விதிகளின் வரலாறும்

திருகோணமலையின் வரலாற்றை எழுதுவோர் கோணேசர் ஆலயத்தையும், பிரெட்ரிக் கோட்டையையும், இத்துறைமுகத்துக்காக ஐரோப்பிய வல்லரசுகள் பொருத போர்களையுமே பெரிதும் பேசுவர். துறைமுகத்துக்கு வந்த பொருள்களை இறக்கியவர் யார், அவர்கள் எத்தகைய ஆபத்தின் நடுவே தொழில் செய்தனர் என்னும் வினாக்கள் அவ்வளவாக எழுப்பப்படுவதில்லை. எரியும் இயல்புடைய எண்ணெயை இறக்குவதற்கென வகுக்கப்பட்ட பாதுகாப்பு விதிகளும் வரலாற்றுச் சான்றுகளே என்பதை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியக் கடற்படை நிலக்கரியைக் கைவிட்டு எண்ணெய்க்கு மாறியது. கப்பல் செல்லும் வழியெங்கும் எண்ணெயைச் சேமித்து வைக்கவேண்டிய தேவை இதனால் எழுந்தது. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சீனன்குடாவை அண்டிய காட்டுப் பகுதியில் பெரும் உருக்குத் தாங்கிகள் எழுப்பப்பட்டமைக்கு இதுவே காரணம். அவற்றுள் 99 இன்றும் எஞ்சியுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோ லீற்றர் கொள்ளத்தக்கது. ஒன்று தீப்பற்றினும் மற்றையவை தப்புமாறு அவை இடைவெளிவிட்டு அமைந்துள்ளன.

அவற்றைக் கட்டியோர் அஞ்சிய ஆபத்து 1942 ஏப்ரல் 9ஆம் நாள் வானிலிருந்து வந்தது. அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் விமானத் தளத்தையும் தாக்கின. ஒரு விமானம் 91ஆம் இலக்கத் தாங்கியில் வீழ்ந்து மோதியதென்றும், அத்தீ ஏழு நாள் எரிந்ததென்றும் கூறப்படுகிறது. உருகி மடிந்த அதன் உருக்குத் தகடுகள் இன்றும் காண்போர்க்கு அந்நாளை நினைவூட்டுகின்றன.

ஆயினும் எண்ணெய்க்குப் பகைவனின் குண்டு மட்டுமே ஆபத்தன்று. மூடிய தாங்கியில் அசைவற்றுக் கிடக்கும் எண்ணெயைவிட, ஒரு கொள்கலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பாயும் எண்ணெயே கூடுதலான விழிப்பை வேண்டி நிற்பது. குழாயினூடாகப் பாயும் எண்ணெயில் நிலைமின்னேற்றம் சேர்கிறது. இணைப்பு தளர்ந்தால் கசிவு ஏற்படுகிறது. திறந்த வாயினூடாக ஆவி வெளியேறுகிறது. கப்பலுக்குரிய உலை எண்ணெய் எளிதில் தீப்பற்றுவதன்று. பெற்றோலின் ஆவியோ காற்றினும் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சிறு பொறியையும் பற்றிக்கொள்ளும்.

கப்பல், பாரவூர்தி, புகையிரதம் ஆகிய மூன்றுக்கும் இவ்வுண்மை பொதுவானது. 1927இல் திறக்கப்பட்ட கல்லோயா–திருகோணமலை இருப்புப் பாதை சீனன்குடாவினூடாகவே செல்கிறது. கொலன்னாவையிலிருந்து நாட்டின் பிற பகுதிகளுக்குப் புகையிரதத் தாங்கி வண்டிகளில் எரிபொருள் அனுப்புவதும் இந்நாட்டு வழக்கமே. எனினும் தாங்கி வண்டிகள் பற்றிய விதிகளின் வரலாற்றை அறிய, அவை மிகுதியாகப் பயன்பட்ட அமெரிக்காவை நோக்கவேண்டும்.

1915 செப்டெம்பர் 27ஆம் நாள் ஒக்லஹோமா மாநிலத்தின் ஆர்ட்மோர் நகரில் எளிதில் ஆவியாகும் பெற்றோலைக் கொண்ட தாங்கி வண்டியொன்று வெயிலில் நின்றது. உள்ளே அழுத்தம் மிகுந்திருந்த வேளையில் அதன் மேல்மூடி திறக்கப்பட்டது. வெளியேறிய ஆவி பரவித் தீப்பற்றி வெடித்ததில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1973 யூலை 5ஆம் நாள் அரிசோனா மாநிலத்தின் கிங்மன் நகரில் தாங்கி வண்டியொன்றிலிருந்து புரொப்பேன் வாயுவை இறக்குகையில் கசிவு ஏற்பட்டுத் தீ மூண்டது. தீயிற் காய்ந்த உருக்கு வலுவிழக்க, ஏறத்தாழ 20 நிமிடங்களில் வண்டி வெடித்தது. தீயணைப்பாளர் 11 பேர் உட்பட 12 பேர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்ச்சிகளை மனத்திற்கொண்டு இறக்குதல் விதிகளைப் படிப்போர்க்கு அவற்றின் வறண்ட வாசகங்கள் வேறு பொருள் தரும். வண்டியின் தடுப்பை இறுக்கிச் சக்கரத்துக்குக் கட்டை இடுக என்பது முதல் விதி. குழாய் பூட்டிய வண்டியை இயந்திரம் இழுத்துவிடாதவாறு எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும். குழாயைப் பொருத்துமுன் மின்னேற்றம் நிலத்துள் இறங்குமாறு புவிக்கம்பி இணைக்கவேண்டும். உள்ளழுத்தத்தைத் தணித்த பின்னரே மூடியைத் திறக்கவேண்டும். இவ்விதியின் பின்னே ஆர்ட்மோர் நிற்கிறது. இறக்கி முடியும்வரை பொறுப்பாளர் அவ்விடத்தை விட்டு அகலலாகாது. கசிவொன்று தீயாக மாறச் சில நொடிகளே போதும் என்பதற்குக் கிங்மன் சான்று. 1970களின் பிற்பகுதியில் இத்தகைய வாயுவை ஏற்றும் வண்டிகளுக்கு அமெரிக்க அரசு வெப்பக் காப்பைக் கட்டாயமாக்கியது. எனவே, விதி என்பது அலுவலகத்தில் அமர்ந்தோரின் கற்பனையன்று. மாண்டோரின் அனுபவம் எழுத்தில் வடிந்த வடிவமே அது.

1957இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். குதங்களின் புனரமைப்பு 1987இன் இந்திய–இலங்கை உடன்படிக்கையுடன் பரிமாறப்பட்ட கடிதங்களில் இடம்பெற்றது. 2003இல் அவை லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 2022 சனவரியில் செய்யப்பட்ட உடன்பாட்டின்படி அந்நிறுவனத்துக்கு 14 தாங்கிகளும், இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 தாங்கிகளும், இரண்டும் இணைந்த கூட்டு நிறுவனத்துக்கு 61 தாங்கிகளும் பிரிக்கப்பட்டன. இவ்வுடன்பாடுகளைப் பற்றிய விவாதங்களில் உரிமை, வருவாய், வல்லரசுப் போட்டி ஆகியனவே முதலிடம் பெறுகின்றன. அவை இன்றியமையாத வினாக்களே. ஆயின், நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்த தாங்கிகள் மீண்டும் நிரம்புங்கால் குழாயைப் பூட்டப்போகும் தொழிலாளியின் பாதுகாப்பு அவற்றுக்கு அடுத்த வரிசையில் வைக்கத்தக்கதன்று.

அத்தொழிலாளிக்கு விதி எம்மொழியிற் சொல்லப்படும் என்பதும் இங்கு எழும் வினாவாகும். தமிழும் சிங்களமும் பேசுவோர் அருகருகே வாழும் மாவட்டம் இது. ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்டுச் சுவரில் மாட்டிய விதி, அதனைப் படிக்க இயலாதவனைக் காக்காது. விபத்தின்பின் அவன்மேற் குற்றஞ் சுமத்தவே துணைபுரியும். விதிகளைத் தெளிந்த தமிழில் எழுதுவது தமிழ் கற்ற பல்கலைக்கழக மாணவர் ஏற்கத்தக்க பணியாகும். 91ஆம் தாங்கியின் சிதைவு போரின் நினைவுச் சின்னமாக நிற்கிறது. அமைதிக் காலத்தில் அதற்கு இணையாக இன்னொரு சின்னம் எழாதிருக்க வேண்டுமாயின், விதிகளை அவற்றின் வரலாற்றோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.