கைப்பேசி வழியே சென்ற பணம்

புதிய கருவி தோன்றிய ஆண்டைக் குறித்துக்கொள்வது எளிது. மக்கள் அதனை ஏன் கைவிடவில்லை என்று காண்பதே அரிது. தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் வரலாற்று வகுப்புகளில் இதையே நான் வற்புறுத்தி வந்தேன். கென்யா நாடு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

அங்கே சஃபாரிகாம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா என்னும் முறையைத் தொடங்கிற்று. பெசா என்றால் சுவாகிலி மொழியில் பணம். நம் பைசாவுக்கு உறவான சொல். நைரோபியில் உழைத்தவர் பலர் ஊருக்குப் பணம் அனுப்ப அதுவரை பேருந்து ஓட்டுநரையோ உறவினரையோ நம்பியிருந்தனர். இப்போதோ கடையிலிருந்த முகவரிடம் பணம் செலுத்தி, இரகசிய எண்ணை அழுத்தித் தாமே அனுப்பினர். ஊரில் இருந்தவர் அங்குள்ள முகவரிடம் ரொக்கமாகப் பெற்றனர். வங்கிக் கணக்கோ விலையுயர்ந்த கைப்பேசியோ வேண்டியிருக்கவில்லை.

முதலில் ஈர்த்தது வசதி. நிலைக்கச் செய்தது நம்பிக்கை. 2007 டிசம்பர்த் தேர்தலுக்குப்பின் கலவரம் மூண்டபோது, வெளியே வர இயலாத உற்றாருக்குப் பலர் இவ்வழியே பணம் அனுப்பினர். இடரில் உதவிய கருவியை மக்கள் எளிதில் துறப்பதில்லை. பெறுவோர் பெருகப் பெருக அனுப்புவோரும் பெருகினர்.

எனினும் இயந்திரம் தனித்து இதனைச் செய்யவில்லை. பணத்தை எண்ணி வாங்கிய முகவர், ஐயம் எழுந்தால் சென்று கேட்கத்தக்க மனிதராக இருந்தார்.

நம் நாட்டிலும் 2016 முதல் யுபிஐ முறை பரவியுள்ளது. மாணவர்களே, அதனை ஆராயும்போது எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்று மட்டும் கேளாதீர்கள். பணம் வழிதவறினால் முதியவர் ஒருவர் யாரிடம் சென்று முறையிடுவார் என்றும் கேளுங்கள். நம்பிக்கையின் வரலாறு அவ்விடையில் அடங்கியுள்ளது.