மஞ்சள் இறங்கினால் போதுமா?

கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடிப்பது சேலம், நாமக்கல் பக்கம் நம் வீடுகளின் வழக்கம். மஞ்சள் இறங்கியதும் நோய் போய்விட்டதாக நினைக்கிறோம். ஆனால் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் அறிகுறியின்றிப் பல ஆண்டுகள் கல்லீரலில் தங்கக்கூடியவை.

அப்போது நம் நோய் எதிர்ப்பு அணுக்களே வைரஸ் தங்கிய கல்லீரல் செல்களைத் தாக்குகின்றன. இந்தப் போர் முடியாமல் நீண்டால் புண்பட்ட இடத்தில் நார்த் தழும்பு படிகிறது. அது முற்றினால் சிரோசிஸ். சிலருடைய உடல் ஹெபடைடிஸ் சி-யைத் தானாகவே விரட்டிவிடும். இதில் இன்டர்ஃபெரான் லாம்டா மரபணுவுக்குப் பங்குண்டு என்பது 2009இல் தெரியவந்தது.

கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

எனவே இரத்தப் பரிசோதனை அவசியம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ‘சி’ பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையில் குணமாகும். ‘பி’-யை மருந்தால் கட்டுப்படுத்தலாம், தடுப்பூசியும் உண்டு.

ஒரே சஹனில் சேர்ந்து உண்பதால் இவை பரவுவதில்லை. நோயாளியின் தட்டைத் தனியே ஒதுக்க வேண்டாம். சவர பிளேடு, ஊசி போன்ற இரத்தம் படும் பொருட்களை மட்டும் பகிராதிருப்போம்.